ஜாக் மார்ட்டினும் போய்விட்டார்: கௌபாய்ஸின் இளசுகள் எப்போது ஒரு லைன் ஆவார்கள்?

எழுபத்தேழாம் நம்பர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இது 2025 கோடையில் எழுதுவது. டாலஸ் கௌபாய்ஸ் அணியின் லைனைப் பற்றி: பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கவும் பந்தோடு ஓடுகிறவருக்கு வழிவிடவும் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, விளிம்புகளில் டேக்கிள். கேள்வி கடைசியில் வருகிறது. அதற்கு முன் கொஞ்சம் புலம்பல் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாலஸ் வந்தது 2014இல். இந்த ஊர்க் கால்பந்தை, அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழன் டிவியைப் போட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான்: "பந்தைப் பார்க்காதே. 70, 72, 77. இந்த மூன்று நம்பரை மட்டும் பார்." அவன் சொன்னபடியே பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் பாதி சீசன் ஓட்டினேன். ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், 77 (டைரன் ஸ்மித்) பின்னால் சறுக்கிக்கொண்டே போவார். அவசரமே இருக்காது. எதிரே பாய்ந்து வருகிறவன் அவர் கைக்குள் வந்து மோதுவான். அதோடு சரி, தாழ்ப்பாள் போட்ட கதவில் முட்டியது மாதிரி நின்றுவிடுவான். அந்த வருஷம் எங்கள் ஓட்டக்காரர் டிமார்க்கோ மர்ரே 1,845 கெஜம் ஓடி, எம்மிட் ஸ்மித் 1995இல் எடுத்த அணிச் சாதனையான 1,773ஐத் தாண்டினார். எனக்கு அது மர்ரேயின் சாதனையாகவே தோன்றவில்லை.

அந்த லைன் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை ரவுண்டு ரவுண்டாக எடுக்கும் தேர்வு) 9ஆவதாக டைரன் ஸ்மித், அப்போது அவருக்கு வயது 20. 2013இல் முதல் ரவுண்டில் பின்னுக்கு இறங்கி 31ஆவது இடத்தில் சென்டர் டிராவிஸ் ஃபிரெடரிக் (72), ஊரே சிரித்தது. 2014இல் பிரபல குவார்ட்டர்பேக் ஜானி மான்செல் கையெட்டும் தூரத்தில் இருந்தும் அவரை விட்டுவிட்டு 16ஆவதாக ஜாக் மார்ட்டின் (70, வலது கார்டு). நான்கு வருஷத்தில் மூன்று முதல் ரவுண்டு.

உதிர்ந்ததுதான் வேதனை. ஃபிரெடரிக்குக்கு 2018இல் கியான்-பாரே என்ற நரம்பு நோய். ஒரு சீசன் முழுக்கப் போனது. 2019இல் திரும்பி வந்து ஆடினார், 2020இல் ஓய்வு பெற்றுவிட்டார். டைரன் 2016 முதல் 2019 வரை நான்கு சீசனிலும் ஆடியது பதின்மூன்று பதின்மூன்று ஆட்டங்கள்தான். முதுகு, கழுத்து, முழங்கால் என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று. அவர் இல்லாத 2017 அட்லாண்டா ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? எதிரணியின் ஏட்ரியன் கிளேபோர்ன் ஒரே ஆளாக ஆறு சாக் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). அன்று இடது டேக்கிளில் நின்றவரின் பெயரைச் சொல்லி அவரை மறுபடி வதைக்க விரும்பவில்லை. 2024இல் டைரன் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார். 2025இல் மார்ட்டினும் விடைபெற்றுவிட்டார்.

2025 கோடையில் இடமிருந்து வலமாக நம் ஐவர்: டைலர் கைட்டன், டைலர் ஸ்மித், கூப்பர் பீபி, புதிதாக 12ஆவது தேர்வில் வந்த டைலர் புக்கர், டெரன்ஸ் ஸ்டீல். ஐந்தில் மூன்று டைலர். வர்ணனையாளர்கள் பாவம். இவர்களில் மூத்தவர் ஸ்டீல், அவருக்கே 28தான். புக்கருக்கு 21.

கேள்வி இதுதான். ஒவ்வொருவராக மாற்றுவதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்தோம். ஆனால் கடைசியில் பார்த்தால் லைனில் ஒரு பெரியவர்கூட மிஞ்சவில்லை. இது சரியான வழிதானா? இந்த ஐந்து பேர் ஒரு லைனாக எத்தனை நாள் ஆகும்? பத்து ஆட்டமா, இரண்டு வருஷமா?

பழைய கார்டு

நண்பரே, உங்கள் அறைத்தோழனைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷம் இடது கார்டாக ஆடியவன். உயரம் போதவில்லை, அதற்கு மேல் போகவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் புரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன். தொழில்முறை ஆட்டம் எத்தனையோ மடங்கு வேகம், ஆனாலும் எங்களுக்கு இருந்த சிக்கலேதான் அங்கேயும்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஆளுக்கு ஆள் மோதுகிற மாதிரித் தெரியும். பாதி நேரம் அப்படி இல்லை. எதிரணி ஸ்டன்ட் போடும்போது பாருங்கள். என் எதிரே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் (எதிரணியின் நடு வரிசைக்காரன்) திடீரென்று எனக்கு வெளிப்பக்கமாக, என் பக்கத்தில் நிற்கும் எங்கள் டேக்கிளின் மேல் பாய்வான். அதே நொடி விளிம்பில் இருந்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு என் பக்கம் வருவான். என் ஆளின் பின்னாலேயே நான் போனால் எனக்கும் சென்டருக்கும் நடுவே லாரி போகிற அளவு சந்து. போகாமல் அவனை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவன் வாங்கிக்கொள்வான் என்ற நம்பிக்கை வேண்டும். வாய் திறந்து கேட்க நேரம் கிடையாது. நாங்கள் என்ன செய்வோமென்றால், இடுப்பு இடுப்பில் உரசுகிற மாதிரி ஒரே ஆழத்தில் பின்வாங்குவோம். அவன் இடுப்பு என் இடுப்பில் பட்டால் கைமாற்றத் தயார் என்று அர்த்தம். படவில்லை என்றால் அவன் தப்பான ஆழத்தில் இருக்கிறான், இன்றைக்கு நம் குவார்ட்டர்பேக்குக்குச் சனி.

இந்த உரசல் ஒரே ஆளோடு நூற்றுக்கணக்கான தடவை நடந்தால்தான் உடம்பில் ஏறும். அதனால் உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். ஐந்து பேர் எப்போது பழகுவார்கள் என்று கேட்காதீர்கள். லைனில் நான்கு ஜோடிகள் உண்டு. எந்த ஜோடி உடையாமல் இருக்கிறது என்று பாருங்கள். 2025இல் வலது பக்கம் பீபி-புக்கர் புதுசு, புக்கர்-ஸ்டீல் புதுசு. இடது பக்கம் கைட்டன்-ஸ்மித், ஸ்மித்-பீபி இரண்டும் 2024லேயே ஆடியவை. ஆக நான்கில் இரண்டு. நீங்கள் பயப்படுகிற அளவு மோசம் இல்லை.

என்னை உறுத்துவது வயது இல்லை, பக்கம். கைட்டன் ஓக்லஹோமாவில் வலது டேக்கிள். இங்கே வந்ததும் இடது. புக்கர் அலபாமாவில் பெரும்பாலும் இடது கார்டு. இங்கே வலது. பீபி கல்லூரியில் கார்டாகவும் டேக்கிளாகவும் ஆடியவர், சென்டர் வேலை இங்கே வந்து கற்றது. "ஒரே வேலைதானே, அந்தப் பக்கம் நின்றால் என்ன?" என்று என் பயிற்சியாளர் ஒருவரும் சொன்னார். ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் என்னை வலது பக்கம் மாற்றினார். எந்தக் கால் முதலில் பின்னால் போகும், எந்தக் கை உள்பக்கக் கை, எடை எந்தத் தொடையில், எல்லாமே தலைகீழ். இடது கையால் கையெழுத்துப் போடுவதுபோல. எழுத்து தெரியும், ஆனால் கை கேட்காது. முதல் கால் பகுதியிலேயே இரண்டு ஹோல்டிங் (எதிராளியைக் கையால் பிடிக்கும் தவறு). தெரியாததால் பிடிக்கவில்லை, கால் பிந்திப் போனதால் கை பிடித்துவிட்டது. 2024 சீசனில் கைட்டன் மேல் நடுவரின் தவறுக் கொடி விழுந்தபோதெல்லாம் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை இரவுதான் ஞாபகம் வந்தது.

டைரனும் கல்லூரியில் வலதுதான். ஆனால் அவரை 2011இல் வலது பக்கமே நிறுத்தினார்கள். இடது பக்கம் போனது 2012இல். ஒரு வருஷம் பழகிய பக்கத்தில் நின்று ஆட்டத்தின் வேகத்தை மட்டும் கற்றுக்கொண்டார். கைட்டனுக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை. டைரன் போன இடத்தில் உடனே ஒரு ஆள் தேவைப்பட்டது.

மஞ்சள் கறுப்பு

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ரசிகனிடமிருந்து ஒரு எச்சரிக்கை. நாங்கள் இதை ஒரு தடவை தப்பாகச் செய்து பார்த்துவிட்டோம்.

2021. பிப்ரவரியில் சென்டர் மார்க்கிஸ் பவுன்சி ஓய்வு. இடது டேக்கிள் வில்யநுவேவா போய் எங்கள் பரம எதிரியான பால்டிமோரிலேயே சேர்ந்தார் (மன்னிக்கவில்லை). ஜூனில் கார்டு டிகாஸ்ட்ரோவை அணி விடுவித்தது. பல வருஷம் கூடவே ஆடிய லைன் ஒரே கோடையில் காலி. நாங்கள் என்ன செய்தோம்? முதல் ரவுண்டில் ஓடுகிறவரை எடுத்தோம். அவருக்கு வழி விடுகிறவர்களை மூன்றாவது, நான்காவது ரவுண்டில் எடுத்தோம். வீடு கட்டுகிறவன் முதலில் திரைச்சீலை வாங்கிய கதை.

மூன்றாவது ரவுண்டில் வந்த கெண்ட்ரிக் கிரீன் கல்லூரியில் பெரும்பாலும் கார்டு. அவரை முதல் ஆட்டத்திலிருந்தே சென்டராக்கி, பவுன்சியின் 53ஆம் நம்பரையும் மாட்டிவிட்டோம். சொல்லிக்கொடுக்கப் பவுன்சியும் இல்லை. இடது டேக்கிளில் டான் மூர், அவரும் ரூக்கி, அதாவது முதல் வருஷக்காரர். பின்னால் 39 வயது குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர். பந்து கைக்கு வந்த மறுநொடியே வீசிவிடுவார், உயிர் பிழைக்க. கிரீன் அந்தச் சீசன் முடியும் முன்பே இடத்தை இழந்தார். 2022இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2023இல் ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டோம். அந்தப் பையன் மேல் எனக்கு இன்னும் கோபம் இல்லை.

பிறகு புத்தி வந்தது. 2023இல் முதல் ரவுண்டில் பிராடரிக் ஜோன்ஸ். 2024இல் டிராய் ஃபௌட்டானு, இரண்டாவது ரவுண்டில் சென்டர் சாக் ஃபிரேசியர், நான்காவதில் மேசன் மெக்கார்மிக். இந்தத் தடவை நடுவில் ஐசக் செமாலோ என்ற பெரியவர் இருந்தார். ஃபிரேசியர் அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றார்.

ஃபிரேசியரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் பள்ளி மல்யுத்தத்தில் நான்கு தடவை மாநிலச் சாம்பியன். கல்லூரியில் பேய்லருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கால் முறிந்தது. தான் அங்கேயே கிடந்தால் கடிகாரத்தில் பத்து நொடி கழித்துவிடுவார்கள் என்று, முறிந்த காலோடு தவழ்ந்தே மைதானத்தை விட்டு வெளியே போனார். அவர் அணி ஜெயித்தது. சென்டருக்கு நான் பார்ப்பது கை நீளம், ஓட்ட வேகம் எல்லாம் இல்லை. கால் முறிந்த நொடியில் கடிகாரம் ஞாபகம் வருகிற மண்டை.

பழைய கார்டு சொன்ன பக்கப் பிரச்சினை எங்களுக்கும் உண்டு. ஜோன்ஸ் ஜார்ஜியாவில் இடது, இரண்டு வருஷம் வலதில் தவித்தார், 2025இல் மறுபடி இடது. ஃபௌட்டானு கல்லூரியில் இடது, இங்கே வலது. அதுவும் ஒரே ஒரு ஆட்டம் ஆடி முழங்கால் போய், சீசனே முடிந்துவிட்டது. ஆக இரண்டு வருஷம் என்று நீங்கள் கணக்குப் போட்டால், அடி, காயம் சேர்த்து மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சி எல்லாம் சரி. ஒப்பந்தத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரேயடியாக மாற்றினால் கெடும் என்று விதி ஒன்றும் கிடையாது. நான் கான்சஸ் சிட்டி ஆள். 2021 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதியாட்டத்தில் டாம்பாவிடம் 31-9 என்று தோற்றோம். இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. எங்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பின்னால் திரும்பி ஓடியே இரவு கழிந்தது. மார்ச்சில் அந்த டேக்கிள்கள் ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே நாளில் அனுப்பினார்கள். செப்டம்பரில் முதல் ஆட்டத்தில் இறங்கிய ஐந்து பேரும், முந்தைய வருஷம் எங்களுக்காக ஒரு ஸ்னாப்கூட ஆடாதவர்கள். இரண்டாவது ரவுண்டின் வால் பகுதியில், 63ஆவதாக எடுத்த கிரீட் ஹம்ஃப்ரி. நுரையீரலில் ரத்தக்கட்டு வந்ததால் எல்லோரும் தயங்கி, ஆறாவது ரவுண்டு வரை சரிந்த டிரே ஸ்மித். இந்த இரண்டு ரூக்கிகளோடு ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன் என்று இரண்டு அனுபவசாலிகள். தூனி நியூ இங்கிலாந்தில் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்துவிட்டு வந்தவர். 2022 சீசனின் சூப்பர் பௌலில் எதிரே பிலடெல்பியா. சீசனில் 70 சாக் எடுத்த கூட்டம். அன்று அவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

ஆனால் ஒரே சமயத்தில் வாங்கினால் பில்லும் ஒரே சமயத்தில் வரும். ரூக்கி ஒப்பந்தம் நான்கு வருஷம். ஐந்தாவது வருஷத்தை அணி விரும்பினால் நீட்டலாம், அதுவும் முதல் ரவுண்டு ஆட்களுக்கு மட்டும். ஹம்ஃப்ரிக்குப் பெரிய சம்பளம், டிரே ஸ்மித்துக்கு ஃபிரான்சைஸ் டேக் (ஒரு வருஷத்துக்குப் பெரிய சம்பளம் கொடுத்துப் பிடித்துவைக்கும் முறை) என்று ஆனதும் தூனியைச் சிகாகோவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கிடைத்தது 2026இன் நான்காவது ரவுண்டு தேர்வு ஒன்று. எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அந்த வகையில் டாலஸ் அடுக்கியிருப்பது அழகு. ஸ்மித் 2022, கைட்டனும் பீபியும் 2024, புக்கர் 2025. ஸ்மித்தின் ரூக்கி ஒப்பந்தக் கெடு ஐந்தாவது வருஷத்தோடு 2026 வரை இருந்தது. பீபி மூன்றாவது ரவுண்டு, நீட்டிப்பு கிடையாது, 2027. கைட்டன் வேண்டுமானால் 2028. புக்கர் 2029 வரை. வருஷத்துக்கு ஒரு பில். 2025 கோடை வரை பெரிய பணம் ஸ்டீலுக்கு மட்டும் போயிருந்தது. இவர்களில் ஒருவர் சொதப்பினாலும் மாற்ற அவகாசம் இருக்கிறது. நான்கு பேரும் நன்றாக ஆடிவிட்டால்தான் உங்களுக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பம்.

இன்னொன்று, "பெரியவர் இல்லை" என்ற கவலை. பிலடெல்பியா அதை எப்படிச் சமாளித்தார்கள் பாருங்கள். அவர்கள் சென்டர் ஜேசன் கெல்ஸி ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவரிடமே கல்லூரிச் சென்டர்களின் வீடியோவைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அவருக்குப் பிடித்தவர் கேம் ஜூர்கன்ஸ். 2022இல் எடுத்தார்கள். முதல் வருஷம் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது வருஷம் கெல்ஸிக்கு வலது பக்கத்திலேயே கார்டு. மூன்றாவது வருஷம் கெல்ஸி போனதும் சென்டர். அந்தச் சீசன் சூப்பர் பௌலில் எங்களைத்தான் 40-22 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், அது வேறு. இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வருஷப் பொறுமை வேண்டும். டாலஸ் மார்ட்டினுக்கு இப்படி ஒரு வாரிசைப் பக்கத்தில் வைத்து வளர்க்கவில்லை. அவர் போன பிறகுதான் புக்கரை எடுத்தார்கள். உங்கள் குறை அங்கேதான் இருக்கிறது.

எழுபத்தேழாம் நம்பர்

மூன்று பேருக்கும் நன்றி. ஜோடிக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்குப்பிள்ளையோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. டைலர் ஸ்மித் விஷயத்தில் நாம் அந்த வாரிசு வேலையைச் செய்துதான் இருந்தோம். 2022இல் அவரை எடுத்தபோது டைரன் இன்னும் இருந்தார். இந்தப் பக்கம் கார்டாக ஒரு வருஷம் நிற்கட்டும், பிறகு டேக்கிள் ஆகட்டும் என்பதுதான் திட்டம். ஆகஸ்டில் டைரனுக்குத் தொடையின் பின்தசை எலும்பிலிருந்து பிய்ந்தது. கார்டாகப் பழகிக்கொண்டிருந்த பையன் முதல் ஆட்டத்திலேயே இடது டேக்கிள். நீந்தினார். அடுத்த வருஷம் டைரன் வந்ததும் சத்தமில்லாமல் கார்டுக்குப் போய், சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌல் வரை போனார். 2025இல் 24 வயதில் அவர்தான் அந்தப் பக்கத்துக்குப் பெரியவர் என்று நினைக்கிறேன். கைட்டனுக்குத் தோள் கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.

அப்புறம், 2025இல் லைன் பயிற்சியாளராக வந்த கானர் ரைலி கான்சஸ் ஸ்டேட்டில் பீபிக்குச் சொல்லிக்கொடுத்தவர். பீபிக்காவது புதுப் பாஷை கற்கும் வேலை இல்லை.

இன்னொரு சந்தேகம், பழைய கார்டுக்கு. முன்பெல்லாம் இளசுகள் சீக்கிரம் தேறினார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, இல்லை "எங்கள் காலத்தில்" பேச்சா?

பழைய கார்டு

பாதி பாதி. அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்தோடு ஒரே நாளில் இரண்டு தடவை முழுக்கவசப் பயிற்சி என்பது ஒழிந்தது. இப்போது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமான கேம்பில் கவசத்தோடு 16 நாள், சீசன் முழுக்க 14 நாள். அவ்வளவுதான். உடம்புக்கு நல்லது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சில் முட்டுகிறவனைத் தாங்கி நிற்பதைக் கவசம் இல்லாமல் கற்க முடியாது. டேக்கிள், சென்டர் யாராக இருந்தாலும் அதை நிஜ ஆட்டத்தில்தான், கோடிக்கணக்கானவர்கள் பார்க்க, அடிபட்டுக் கற்கிறார்கள். அதோடு கல்லூரியில் பல அணிகள் பரவலாக நின்று வேகமாக ஆடும் ஆட்டம். கையைத் தரையில் ஊன்றி நிற்கிற பழக்கமே இல்லாமல் வருகிற பையன்கள் உண்டு.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். என் ஊகம்: ஸ்டன்ட்டைக் கைமாற்றுவது நவம்பருக்குள் பழகிவிடும். கைட்டனின் கால் அடுத்த வருஷம்.

எழுபத்தேழாம் நம்பர்

ஜூலைக் கடைசியில் கேம்ப் பார்க்க ஆக்ஸ்னார்டு போகிறேன். தங்கை வீடு லாஸ் ஏஞ்சலஸில், அதனால் தங்கும் செலவு இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் மோதும் பயிற்சியில் கைட்டனைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பழைய கார்டு

அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒற்றைக்கு ஒற்றையில் லைன்காரனுக்கு உதவ யாரும் கிடையாது, ஓடி வருகிறவனுக்கு மைதானமே சொந்தம். மார்ட்டினே அங்கே தோற்றிருப்பார். ஐந்தும் ஐந்தாக நிற்கும்போது பாருங்கள். ஸ்னாப்புக்கு முன்னால் யாருடைய விரல் முதலில் நீள்கிறது, எதிரணி வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரை யார் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பீபியின் விரலாக இருந்து, மற்ற நாலு பேரும் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினால் நல்ல செய்தி. புக்கர் எழுந்து நின்று ஏதாவது கேட்டால் இன்னும் நாள் ஆகும்.

எழுபத்தேழாம் நம்பர்

சரி. எங்கே நின்றால் அது தெரியும்? பக்கவாட்டிலா?

பழைய கார்டு

பக்கவாட்டில் நின்றால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் மறைத்து ஒரே ஆளாகத் தெரிவார்கள். மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஜோனுக்குப் பின்னால் போய் நில்லுங்கள், குவார்ட்டர்பேக்கின் முதுகுக்கு நேரே. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இடைவெளி அங்கிருந்துதான் தெரியும். தொப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.